சி-யில் மோட்பஸ் டிசிபி: மைனஸ் பூஜ்யம் காட்டிய மீட்டர்

பழைய சாமான் கடையில் மூன்று ஃபேஸ் எனர்ஜி மீட்டர் ஒன்று கிடைத்தது. பின்னால் ஈதர்நெட் போர்ட், பேசுவது மோட்பஸ் டிசிபி. 1979-இல் மோடிகான் கம்பெனி சீரியல் வயருக்காக உருவாக்கிய நெறிமுறைதான், இப்போது டிசிபி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மீட்டர் காட்டும் அளவை சி புரோகிராமில் படிக்க லிப்மோட்பஸ் லைப்ரரி இருக்கிறது, நாலு வரியில் வேலை முடிந்துவிடும். ஆனாலும் ஒருமுறை வெறும் சாக்கெட்டை, அதாவது புரோகிராம் நெட்வொர்க்கில் பேசும் அடிப்படை வழியை மட்டும் வைத்து எழுதிப் பார்க்க ஆசை.

முதல் நாள் மாலை முழுக்க 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. கேபிளை மாற்றினேன், ஐபியைச் சரிபார்த்தேன். கடைசியில் நெட்வொர்க்கில் போவதை அப்படியே காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால், என் புரோகிராம் மோட்பஸுக்குரிய 502-க்குப் பதில் 62977 போர்ட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது! போர்ட் எண்ணை ஹெச்டன்ஸ் (பைட்டுகளை நெட்வொர்க் வரிசைக்கு மாற்றும் ஃபங்ஷன்) வழியாக அனுப்ப மறந்திருக்கிறேன். இரண்டு பைட்டும் இடம் மாறிவிட்டன.

கனெக்ட் ஆனதும் அடுத்தது. மீட்டர் தன் அளவுகளை ரெஜிஸ்டர் எனும் 16 பிட் இடங்களில் வைத்திருக்கும். மேனுவலில் வோல்டேஜ் ரெஜிஸ்டர் 40101 என்று இருந்தது, அதையே முகவரியாக வைத்து, ரெஜிஸ்டரைப் படிக்கும் 03 கட்டளையை அனுப்பினேன். பதிலின் கடைசி இரண்டு பைட்டுகள், ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்), 83 02. அதாவது, 03 கட்டளைக்குப் பிழை, அப்படி ஒரு முகவரியே இல்லை. மேனுவலில் 40001 என்று எழுதியிருந்தால் வயரில் போக வேண்டியது 0. ஆக எனக்கு வேண்டியது 100. இந்தக் கணக்கை மேனுவலில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, 13 பைட் பதில் ஒழுங்காக வந்தது. முதல் 7 பைட் தலைப்பு, கடைசி நான்கு பைட்டில் மதிப்பு. அதை ஃப்ளோட்டாக (32 பிட் தசம எண்ணாக) மாற்றி அச்சிட்டால் -0.000000. வீட்டில் விளக்கு எரிகிறது, மீட்டர் திரையில் 231.5 தெரிகிறது, எனக்கு மட்டும் மைனஸ் பூஜ்யம். வந்திருந்தது 80 00 43 67. காகிதத்தில் எழுதி முறைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது: ரெஜிஸ்டர்கள் இரண்டும் முன்பின்னாக வருகின்றன. 43 67 80 00 என்று மாற்றினேன், 231.5 வந்தது. ஒரு ரெஜிஸ்டருக்குள் பெரிய பைட் முன்னால் என்பது மோட்பஸ் விதி. 32 பிட் எண்ணை இரண்டு ரெஜிஸ்டரில் எந்த வரிசையில் வைப்பது என்பது தயாரிப்பாளர் இஷ்டம்.

அப்புறம் ரெசிவ், அதாவது சாக்கெட்டிலிருந்து பதிலைப் படிக்கும் அழைப்பு. ஒரே அழைப்பில் 13 பைட்டும் வரும் என்று டிசிபி உத்தரவாதம் தருவதில்லை. அதனால் முதலில் தலைப்பை முழுசாகப் படித்து, அதிலுள்ள நீளத்தைப் பார்த்து மிச்சத்தைப் படிக்கும் லூப்பாக மாற்றினேன். சோதனைக்குக் கேபிளைப் பிடுங்கினேன், புரோகிராம் அப்படியே உறைந்து நின்றது. சாக்கெட்டுக்கு ஒரு நொடி டைம் அவுட் வைத்த பிறகு நகர்கிறது.

கேபிளைத் திரும்பச் செருகினால் தானாக மறு இணைப்பு எடுக்கும் பகுதியை இன்னும் எழுதவில்லை. இப்போதைக்கு நான்தான் எழுந்து போய் புரோகிராமை மறுபடி ஓட விடுகிறேன்.