100ல இருந்து 120க்கு: ஃபோர்க் மாத்துனேன், வண்டியே மாறிப்போச்சு

போன கோடையில ஒருநாள் தனுஷ்கோடி போயிட்டு வந்து என் எம்டிபிய, அதான் மலைப்பாதை சைக்கிள, தொடைக்கும்போதுதான் பாத்தேன், முன்சக்கரத்தப் பிடிச்சு அமுங்குற ஃபோர்க்கோட ரெண்டு கால்லயும் கடுகு தெளிச்ச மாதிரி சின்னச் சின்னதா பழுப்புப் புள்ளி. நகத்த வெச்சு இழுத்தா தட்டுது. க்ரோம் பூசுன இரும்புக் காலு, அரிச்சல்முனை உப்புக்காத்துல எத்தன நாளைக்குத் தாங்கும்? அந்தப் புள்ளி மேலயும் கீழயும் போகப் போக காலச் சுத்தி இருக்குற ரப்பர் சீல அராவிடும், சீல் போனா மணல் உள்ள போகும், அப்புறம் முடிஞ்சுச்சு. எப்படியும் மாத்தித்தான் ஆகணும்னு ஆயிருச்சு, மாத்துறதுதான் மாத்துறோம், 100 எம்எம் டிராவலுக்கு (ஃபோர்க் அமுங்குற தூரம்) பதிலா 120 போட்டா என்னன்னு தோணுச்சு.

ராமநாதபுரத்துல மலையே இல்லையே, எம்டிபிக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. கண்மாய் இருக்கே. தண்ணி வத்துனப்புறம் உச்சிப்புளி பக்கம் ஒரு கண்மாய்க்குள்ள இறங்கிப் பாருங்க. ஈரமா இருந்தப்ப மாடு நடந்த கொளம்புத் தடமெல்லாம் காஞ்சு செங்கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும். அது மேல அரை கிலோமீட்டர் ஓட்டுனா உள்ளங்கை மரத்துப் போகும். அப்புறம் கடலப் பாத்துப் போற பனங்காட்டுப் பாதை, மணலுக்குள்ள பனை வேரும் வெட்டிப்போட்ட கருக்கு மட்டையும் மறைஞ்சு கெடக்கும், திடீர்னு முன்சக்கரத்துல முட்டும். பழைய ஸ்பிரிங் ஃபோர்க் இந்த ரெண்டு எடத்துலயும் அடிவரைக்கும் போயி டமார்னு தட்டும்.

120ன்னு முடிவு பண்ணதும் முதல்ல செஞ்சது ஃப்ரேமோட மேனுவல எடுத்துப் பாத்தது. அதுல அதிகபட்சம் 120ன்னு இருந்துச்சு, அதுக்கு மேல நான் யோசிக்கவே இல்ல. ஃபோர்க் நீளமாக நீளமாக, நெம்புகோல் நீளமான கணக்குதான், ஒவ்வொரு அடியும் ஹெட்ட்யூபும் (ஃபோர்க் செருகுற முன்குழாய்) டவுன்ட்யூபும் (அதுல இருந்து பெடலுக்கு எறங்குற குழாய்) சேர்ற வெல்டிங்க அவ்வளவு அதிகமா இழுக்கும். அங்க விரிசல் விட்டா ஃப்ரேம் போச்சு, ஆளுக்கும் ஆபத்து. 140 போட்டா என்னன்னு கேக்குறவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும், நம்ம வண்டிக்கு பின்னாடி சஸ்பென்ஷன் கிடையாது, அமுங்குனா முன்னாடி மட்டுந்தான் அமுங்கும், அதனால டிராவல் எவ்வளவு கூடுதோ அவ்வளவுக்கு பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனியும், ஹேண்டில் கோணமும் ஓட்டத்துலயே மாறிக்கிட்டே இருக்கும்.

டிராவல் நம்பர மட்டும் பாத்து வாங்கிடாதீங்க. ஆக்சில் நடுவுல இருந்து க்ரௌன் ரேஸ் (ஃபோர்க் தலைல பேரிங்கத் தாங்குற வளையம்) உக்கார்ற எடம் வரைக்கும் எவ்வளவுன்னு டேப்பு வெச்சு அளக்கணும், வண்டி எவ்வளவு தூக்கும்ங்கறத அந்த நீளம்தான் தீர்மானிக்குது. என்னோட பழசுல 488, புதுசுல 508. சரியா 20 எம்எம் ஏறுச்சு. சில ஃபோர்க் அதே 120 டிராவலுக்கே இன்னும் நீளமா இருக்கும்.

ஃபோர்க் மதுரையில ஒரு தம்பிகிட்ட கெடச்சுச்சு, ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து அடிக்கிற வகை, வாங்கி மாட்டாமலே பெட்டியோட வெச்சிருந்தாப்ல, ஸ்டியரர் ட்யூப் (ஹேண்டில் வரைக்கும் போற ஃபோர்க்கோட மேல்குழாய்) வெட்டாம முழுசா இருந்துச்சு. பழசு வாங்குறவங்க இத முதல்ல கேளுங்க, வெட்டுன ட்யூப நீளமாக்க வழியே இல்ல. ட்யூபு மேல ஒண்ணே அரைக்கால் இஞ்ச், கீழ ஒண்ணரை இஞ்ச், டேப்பர்னு சொல்றது. என் ஃப்ரேமும் அதே கணக்குங்கறதால தப்பிச்சேன், ஹெட்ட்யூபு மேல இருந்து கீழ ஒரே அளவா இருக்குற வண்டில பலதுல இது உள்ளயே போகாது. ஆனா ஹப்புல (சக்கரத்தோட நடு உருளை) மாட்டிக்கிட்டேன். என்னோடது 9 எம்எம் குயிக் ரிலீஸ் அச்சு, புது ஃபோர்க் 15 எம்எம் த்ரூ ஆக்சில், அதாவது ஹப்ப ஊடுருவிப் போற தடிச்ச அச்சு, 110 எம்எம் அகலம். வேற ஹப்பு வாங்கி முன்சக்கரத்த மறுபடி கம்பி கோத்து எடுக்க வேண்டியதாப் போச்சு, ஃபோர்க்குல மிச்சம் பிடிச்ச காசு அங்க போயிருச்சு.

மாட்டுனது ராம்நாட்டுல நம்ம சைக்கிள் கடை அண்ணன்கிட்ட. பழைய க்ரௌன் ரேஸ மெல்லிசான கத்திய சுத்திச் சுத்திச் செருகி நோகாம எடுத்தாரு, அதையே புதுசுல வெச்சு ஒரு பைப்ப ட்யூபு மேல மாட்டி சுத்தியால தட்டுனாரு. தட்டத் தட்ட சத்தம் மொத்தமா டொக்கு டொக்குன்னு வந்துச்சு, திடீர்னு ஒரு தட்டுல டிங்குனு மணி மாதிரி கேட்டுச்சு. "உக்காந்துருச்சு தம்பி, இனிமே அடிக்கக் கூடாது"ன்னு சுத்திய கீழ வெச்சுட்டாரு. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ட்யூபு வெட்டும்போது நான்தான் பதறுனேன். அண்ணன் ரெண்டு ஹோஸ் கிளிப்ப பக்கத்துல பக்கத்துல மாட்டி நடுவுல ஆக்சா பிளேடு ஓட்டுனாரு, கோணாம நேரா வந்துச்சு. கடைசி ஸ்பேசரோட (ட்யூபுல அடுக்குற வளையம்) மேல் விளிம்புக்கு 3 எம்எம் கீழ நிக்கிற மாதிரி வெட்டணும், இல்லன்னா மேல்மூடி இறுகாது. மூடிய இறுக்கி ஆட்டம் போனப்புறம்தான் ஸ்டெம் (ஹேண்டிலப் பிடிக்கிற துண்டு) போல்ட்டு, வரிசை மாறக்கூடாது. முன் பிரேக்க பிடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்ட்யூபோட கீழ்க்கப்புல விரல வெச்சுப் பாத்தோம், துளி ஆட்டம் இல்ல.

மறுநாள் விடிகாலையில சந்தோஷமா கண்மாய்க்குக் கெளம்புனேன். கரை மேல ஏறும்போது முன்சக்கரம் எடது வலதுன்னு அலையுது, கடைசி நாலடில தரைய விட்டே தூக்குது. தெனமும் ஏறுற கரை! மனசு விட்டுப்போச்சு. வீட்டுக்கு வந்து நிதானமா அளந்து பாத்தப்பதான் புரிஞ்சுச்சு. முன்பக்கம் 20 எம்எம் தூக்குனதுல ஹெட் ஆங்கிள் (ஹெட்ட்யூபோட சாய்வு) 69 டிகிரில இருந்து கிட்டத்தட்ட 68க்கு சாஞ்சிருச்சு, சீட்டுக் குழாயும் அதே அளவு பின்னாடி சாஞ்சிருச்சு, ஹேண்டில் மேல ஏறிருச்சு. மூணும் சேந்து என் கனத்த பின்சக்கரத்துக்குத் தள்ளிருச்சு. அதனால ஸ்டெம்முக்குக் கீழ இருந்த ரெண்டு ஸ்பேசரையும் மேல மாத்துனேன், ஸ்டெம்ம தலைகீழாத் திருப்பிப் போட்டேன், சீட்ட 8 எம்எம் முன்னாடி தள்ளி மூக்க மட்டமாக்குனேன். அதே கரை, மறுபடி பழையபடி ஏறுது. பெடல் அச்சு 7 எம்எம் ஒசந்தது நமக்கு லாபம்தான், வெட்டுன பனை அடிக்கட்டைல பெடல் தட்டுறது கொறஞ்சிருக்கு.

இறங்குற பக்கம் பத்தி என்ன சொல்ல! காஞ்ச கொளம்புத் தடத்துல கை மரக்கிறதே இல்ல. நான் 72 கிலோ, தண்ணிப்பை மாட்டிக்கிட்டு ஓட்ட ஃபோர்க்குல 78 பிஎஸ்ஐ காத்து வெச்சிருக்கேன், ஏறி உக்காந்தா 26 எம்எம் அமுங்குது, 120க்கு 24ல இருந்து 30 வரைக்கும் அமுங்குனா சரி. ரீபௌண்ட (அமுங்குன ஃபோர்க் திரும்ப எந்திரிக்கிற வேகம்) மெதுவா வெச்சா அடுத்தடுத்து வர்ற குழில ஃபோர்க் எந்திரிக்க நேரமில்லாம அப்படியே அமுங்கிக்கிட்டே போயி கல்லாயிடும், அதனால ரெண்டு கிளிக் வேகமாவே வெச்சேன். ஃபோர்க்குக்குக் காத்து அடிக்கிறது வெயிலுக்கு முன்னாடி. மண்டபத்துல மத்தியான வெயில்ல நிறுத்துன வண்டில நாலு பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதப் பாத்து எறக்கிட்டீங்கன்னா காலையில தொளதொளன்னு இருக்கும். கடற்கரை மெது மணல்ல மட்டும் எந்த ஃபோர்க்கும் ஒண்ணும் பண்ணாது, அதுக்கு டயர் காத்த எறக்கணும்.

இப்போ கடல் பக்கம் போயிட்டு வந்தா சாப்பிடுறதுக்கு முன்னாடி கால் ரெண்டையும் நல்ல தண்ணி நனைச்ச துணியால தொடைச்சிடுறேன், பீச்சியடிக்கிற பைப்பு பக்கத்துலயே விடுறதில்ல, சீல் வழியா உப்பு உள்ள போயிடும். 50 மணி நேரம் ஓடுனா கீழ்க்கால கழட்டி ஆயில் மாத்தணும். மொத தடவ போன வாரம் கழட்டுனோம், வந்த ஆயில வெள்ளத் துணில ஊத்தி அண்ணன் விரலால தேச்சுத் தேச்சுப் பாத்தாரு. ஒரு மணல் கூட தட்டுப்படல. பழைய ஃபோர்க்க இன்னும் அவரு கடை ஆணியிலயே மாட்டி வெச்சிருக்காரு, உப்புல காலு என்னாகும்னு வர்ற பசங்களுக்குக் காட்ட.