என்ன குறை என்று எழுதிக் கொடுங்கள்

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி ஊர்களில் வன உரிமை மனு, அதாவது காட்டில் காலங்காலமாக வாழும் இடத்துக்கு உரிமை கேட்கும் மனு, எழுத உதவுவது என் வேலை. ஒரு நாட்டில் ஜனநாயகம் எப்படி இருக்கிறது என்று பேசுகிறவர்கள் தேர்தல் ஒழுங்காக நடந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஓட்டுப் போடுவதில் எங்கள் மக்கள் குறை வைத்ததே இல்லை. ஓட்டுப் போட்டவரின் மனு ஒரு மேஜைக்குப் போனபின் என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை.

2006 வன உரிமைச் சட்டப்படி மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. அப்புறம்தான் கோட்ட அளவிலான குழு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு.

பணியர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டியிடம் ரேஷன் கார்டைத் தவிர வேறு காகிதம் இல்லை. "எங்கம்மாவப் புதைச்ச இடத்தக் காட்டட்டுமா?" என்று கேட்டு, மூங்கில் புதருக்குப் பின்னால் கூட்டிப் போனார். புல் மூடிய மேடுகள். எது யாருடையது என்று பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார். இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 13ஆவது விதியின்படி புதைகாடும் ஆதாரம்தான். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம். இரண்டையும் சேர்த்தே மனு கொடுத்தோம்.

"ஆதாரம் பத்தாது" என்று ஓர் அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. மனுவை நிராகரித்தால் காரணத்தோடு மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும், அவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று 2012 திருத்த விதிகள் சொல்கின்றன. காரணமே கையில் இல்லாமல் எதை எதிர்த்து முறையிடுவது? பாட்டியின் மகனே திரும்பிப் போய், "சார், என்ன குறைன்னு எழுதிக் குடுங்க" என்று நின்றார். ஒருவழியாகக் கடிதம் வந்தது: பெரியவர் வாக்குமூலம் இணைக்கப்படவில்லையாம். இணைத்திருந்தோம், முத்திரை போட்டு வாங்கிய நகல் எங்களிடம் இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் மேல்முறையீட்டை எழுத முடிந்தது.

2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலைப்பகுதியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றதும், இதே சட்டத்தின் பலத்தில்தான். ஆனால் அதற்குச் சபை கூட வேண்டும். வன உரிமைக்கான கூட்டத்தில் ஊரில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பகலில் பெண்களெல்லாம் தேயிலை பறிக்கப் போய்விடுவதால், இப்போது கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றக் கேட்டு ஊராட்சிக்கு எழுதியிருக்கிறோம்.