தமிழ்க்கடை இல்லாத பக்கமாக ஒரு கூட்டம்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருகிற ஒருவருக்கு வாடகை வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாகன உரிமம் என்று எல்லாவற்றுக்கும் வழிகாட்ட இங்கே உறவினர்கள் இருக்கிறார்கள். குடியை விடுவதற்கு எங்கே போவது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அத்தானின் குடி குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அக்கா கோயிலுக்கு நேர்த்தி வைத்ததைத் தவிர நெடுங்காலம் எதுவும் நடக்காமல் போனதற்கு அதுவே காரணம். சாமத்திய வீட்டு மண்டபத்தில் மேசைக்கு மேசை விஸ்கிப் போத்தல் வைத்து உபசரிக்கக் கூசாத எங்கள் சமூகம், அதை விட முயல்கிறவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது.

"தம்பி, இனி என்னால் ஏலாது, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ" என்று அத்தான் தாமாகவே கேட்டபோது, முதலில் குடும்ப மருத்துவரிடம் போனோம். நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்த ஒருவர் வீம்புக்குத் திடீரென நிறுத்தினால், அடுத்த சில நாட்களுக்குள் கைநடுக்கம், வியர்வை என்று தொடங்குவது வலிப்பாகவும் மனக்குழப்பமாகவும் முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர் எச்சரித்தார். "ஆம்பிளை என்றால் இன்றைக்கே விடு" என்று ஏசுகிற மாமாமார் இதை அறிந்திருப்பது நல்லது. மருத்துவ மேற்பார்வையில் குடியை நிறுத்த உதவும் நிலையங்களும், மருத்துவரின் கடிதம் இல்லாமலே நேரே போகக்கூடிய கிளினிக்குகளும் ஒன்ராறியோவில் உண்டு. கனெக்ஸ்ஒன்ராறியோ என்ற இலவசத் தொலைபேசிச் சேவை, அருகில் எது இருக்கிறது என்பதை 24 மணி நேரமும் சொல்லும். ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் 211 என்ற எண்ணை அழைத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம்.

உடம்பு தேறிய பிறகுதான், குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஏஏ (அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்) கூட்டத்தைத் தேடத் தொடங்கினோம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் சீரழிந்திருந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. ஸ்காபரோவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டங்கள் இருந்தும் அத்தான் சம்மதிக்கவில்லை. "தமிழ்க்கடை இல்லாத பக்கமாகப் பார்" என்றார். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. ஆகவே டொன் பள்ளத்தாக்குக்கு மேற்கே, தெரிந்த முகம் எதிர்ப்படாத ஓரிடத்தைத் தேர்ந்தோம். பட்டியலில் 'மூடிய கூட்டம்' என்றிருந்தால் அது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். 'திறந்த கூட்டம்' என்றிருந்தால் உறவினரும் கூடப் போய் உட்காரலாம். நான் துணைக்குப் போகமுடிந்தது அதனால்தான்.

தேவாலயத்தின் நிலவறையில், மடிப்புக் கதிரைகளும் பெரிய கோப்பிப் பானையுமாக இருந்த அறை அது. மதம் மாற்றப் பார்ப்பார்களோ என்று அக்கா கேட்டிருந்தார். குழு அந்த அறையை வாடகைக்கு எடுத்திருந்தது, அவ்வளவுதான். பதிவேடும் விண்ணப்பப் படிவமும் இல்லை, முழுப்பெயரையும் யாரும் கேட்கவில்லை. காசுக்கூடை சுற்றிவந்தபோது அத்தான் சட்டைப்பையைத் தடவ, பக்கத்திலிருந்த முதியவர், "நீங்கள் புதியவர், போடத் தேவையில்லை" என்று கூடையை அப்பால் நகர்த்தினார். பேசும் முறை வந்தபோது அத்தான் தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, இன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். அடுத்தவர் பேசத் தொடங்கினார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டுப் புத்தி சொல்வதில்லை என்ற வழக்கம், சபையில் ஆளாளுக்கு அறிவுரை அள்ளி வழங்கும் எங்களுக்குப் புதுமையாக இருந்தது.

கடவுள் பற்றிய பேச்சு அங்கே நிறையவே உண்டு. ஆனால் அவரவர் விளங்கிக்கொண்டபடியான கடவுள் என்பதே அவர்களுடைய கணக்கு என்பதால், அத்தான் நல்லூர்க் கந்தனை வைத்துச் சமாளித்துக்கொண்டார். அந்தப் பேச்சே ஒத்துவராதவர்களுக்கென்று நடக்கும் குழுக்களும் ரொறன்ரோவில் இருக்கின்றன. அவருக்கு உண்மையான இடைஞ்சலாக இருந்தது மொழிதான். தொழிற்சாலை ஆங்கிலத்தில் வேலையை முடிக்கலாம், மனதில் கிடப்பதைச் சொல்ல முடியாது. சென்னை உட்படத் தமிழ்நாட்டு நகரங்களில் தமிழிலேயே ஏஏ கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் இணையவழியாகச் சேரக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்தோம். அங்கே இரவு 7 மணி என்றால் கோடைகாலத்தில் இங்கே காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. இரவுவேலை முடிந்து வருகிறவருக்கு அது வசதியான நேரம். ஆயினும் நேரில் போகும் கூட்டத்தை அவர் விடவில்லை, ஏனென்றால் மனம் தடுமாறுகிற வேளையில் தொலைபேசியில் கூப்பிட்டால் அரை மணித்தியாலத்தில் வந்து நிற்கக்கூடிய பழைய உறுப்பினர் ஒருவர் அங்கேதான் கிடைத்தார்.

குடிக்கிறவர்களின் குடும்பத்தினருக்கென்று அல்-அனன் என்ற தனி அமைப்பு 1951இலிருந்து இருக்கிறது. "குடித்தது அவர், கூட்டத்துக்குப் போவது நானா?" என்று அக்கா முதலில் சீறினார். பிறகு ஒரு வியாழன் மாலை போய்வந்தவர், அடுத்த வியாழன் தன்னை எத்தனை மணிக்கு ஏற்றிக்கொண்டு போவாய் என்று கேட்டார்.