58 சன்னதிகளும் ஒரு நகலும்

படிப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை, காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலை அளந்து வரைவது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில். உள்சுற்றில் மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள். முதல் சன்னதியை டேப் பிடித்து அளந்தேன். அடுத்த ஐந்தாறைக் கண்ணால் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. வெயில் வேறு. சரி, ஒன்றை வரைந்து கணினியில் நகலெடுத்து வரிசையாக ஒட்டிவிட்டேன். இரண்டே நாளில் வேலை முடிந்தது.

கூட்டிப் பார்த்தால் மதிலின் நீளத்தோடு கணக்கு ஒட்டவில்லை. மேற்பார்வையாளர் திட்டவில்லை. தூக்குக்குண்டைக் கையில் கொடுத்து, “ஒண்ணாவதுலேர்ந்து ஆரம்பிங்க தம்பி” என்றார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் கல்லையே பார்த்தேன். அடியில் சில வரிசைதான் கருங்கல், மேலே பெரும்பாலும் மணற்கல். உளிக்கு இளகிக் கொடுத்த கல் மழைக்கும் இளகியிருக்கிறது. தூணடியில் நிற்கும் சிங்கத்தின் மார்பில் டேப்பை வைத்து எடுத்தால் விரலில் ரவை மாதிரி மணல் ஒட்டும். அளப்பதே தேய்ப்பதாகிவிடுமே என்று, பிறகு டேப்பைக் கல்லில் படாமல் பிடிக்கப் பழகினேன். பிற்காலப் பழுதுபார்ப்பில் பூசிய சுதை இன்னொரு தொல்லை. அதில் சிங்கத்துக்குக் கன்னம் உப்பிப் போயிருந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில்தான் பல்லவர் கால உளியின் கூர் விளிம்பு தெரியும். எதை வரைவது? கல்லுக்குத் தடித்த கோடு, சுதைக்குப் புள்ளிக்கோடு என்று முடிவு செய்தோம்.

மதியச் சாப்பாடு முன்மண்டபத்தில். ஆதியில் கருவறையோடு ஒட்டாமல் தனியாக நின்ற மண்டபம் அது. இடைவெளியைப் பிற்காலத்தில் அடைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு தூணில் பல நாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அதில் கன்னடக் கல்வெட்டு இருப்பதை என்னோடு வேலை பார்த்தவர்தான் காட்டினார். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்து மகிழ்ந்து, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லும் எழுத்து. பகை அரசன் கைவைக்காத இடத்தில் நான் வியர்வை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சாய்மானமே கிடையாது.

ஏழு வாரம் கழித்து வரைபடத்தைக் கொடுத்தபோது 58-க்கும் தனித்தனி அளவு இருந்தது. முதலில் டேப் பிடித்து அளந்த அந்த ஒன்றுகூடத் தப்புதான். கல்லை விட்டுச் சுதையை அளந்திருக்கிறேன்.