பழைய பெட்டிக்கு ஒரு குளியல்

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 400 ரூபாய்க்கு வாங்கிய பழைய கணினிப் பெட்டியை இன்று கழுவி முடித்தேன். விசிறி, ஒயர், சுவிட்சு எல்லாவற்றையும் முதலில் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தகடுகளை மட்டும் சோப்பு நீரில் தேய்த்தேன். உடனே துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் திருகுத் துளைகளில் துரு ஏறிவிடும். பழைய ஸ்டிக்கரின் பசை தேங்காய் எண்ணெயில் ஊறியதும் வழித்துக்கொண்டு வந்தது.

முன்பக்கப் பிளாஸ்டிக்கின் மஞ்சள் மட்டும் அசையவில்லை. அது அழுக்கே அல்ல; வெயிலும் வயதும் பிளாஸ்டிக்கையே மாற்றிவிட்ட நிறம். கையுறை போட்டுக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, உலராமல் மேலே பாலிதீன் சுற்றி மொட்டை மாடியில் வைத்தேன். மாலைக்குள் பாதி வெளுத்துவிட்டது. நாளை இன்னொரு முறை.

எனக்கு வியப்பு பெட்டியின் உள்ளே இருக்கிறது. மதர்போர்டும் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்த இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற பொது அளவில் செய்த பெட்டி இது. இன்றைய மதர்போர்டை வைத்துப் பார்த்தேன், திருகுத் துளைகள் அத்தனையும் அச்சாகப் பொருந்தின! இவ்வளவு உறுதியான இரும்பைக் காயலான் கடைக்கு அனுப்ப எப்படி மனம் வருகிறது? அண்ணன் மகளின் முதல் கணினி இதற்குள்தான் அமையப்போகிறது. வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறாள்.