கசையடி வாங்கிய கல்லறை

சைகோனில் நான் குடியிருந்த வீட்டுக்கு வழி சொல்வது சுலபம். "லாங் ஓங் பா சியூ பக்கத்தில்" என்றால் போதும், எந்த பைக் டாக்சிக்காரரும் கொண்டுவந்து இறக்கிவிடுவார். முதல் இரண்டு மாதம் அது யாரோ புருஷன் பெண்டாட்டியின் சமாதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 'லாங்' என்றால் சமாதி. 'ஓங் பா' என்றால் தாத்தா பாட்டி. ஆக, சியூ தாத்தா பாட்டியின் சமாதி. அப்போது எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமியத்தில் கணக்கு சரியாகத்தான் வந்தது.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. 'பா சியூ' பக்கத்துச் சந்தையின் பெயர். 'லாங் ஓங்' என்பது தனி: ஐயாவின் சமாதி. வெளியூரிலிருந்து வருகிற வியட்நாம்காரர்களே இப்படித்தான் ஏமாறுவார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்தினார். எந்த ஐயா என்று கேட்டேன். கையில் ஒரு கட்டு ஊதுபத்தியைத் திணித்து, "நீயே போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார்.

ஆம்பூரில் தோல் வேலை பழகியவன் நான். ஷூ கம்பெனி ஒன்றின் தரப் பரிசோதனைக்காக 2017இல் அங்கே போய் நான்கு வருடம் இருந்தேன். வரலாறு எனக்குத் தொழில் இல்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு சமாதியின் மதில் ஓரமாக வேலைக்குப் போகிறவனுக்கு, உள்ளே படுத்திருப்பவர் யார் என்ற கேள்வி என்றைக்காவது வந்துதானே தீரும்.

உள்ளே இரண்டு கல்லறைகள் அருகருகே இருக்கின்றன. பாதியாக வெட்டிய முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி வடிவம். ஒன்று லே வான் யுவெட், மற்றது அவர் மனைவி. அட, தம்பதி சமாதி என்று நான் நினைத்தது முழுத் தப்பு இல்லை.

1760களின் நடுவில் மேகாங் கழிமுகத்தில், தியென் யாங் பக்கம் பிறந்தவர் யுவெட். உடலமைப்பில் ஆண்மை முழுமை பெறாமல் பிறந்தவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே பதினேழு வயது வாக்கில் அந்தப்புர வேலைக்கு, அண்ணகராக எடுத்துக்கொண்டார்கள். வேலை கொடுத்தவர் நுயென் ஆன். பெயர்தான் இளவரசர், அப்போது அவரே ஓடிக்கொண்டிருந்த ஆள். 1771இல் தே சொன் என்ற மலைப்பகுதியிலிருந்து மூன்று சகோதரர்கள் கிளப்பிய கலகம், தெற்கை ஆண்ட நுயென் குடும்பத்தைக் கிட்டத்தட்ட துடைத்து எடுத்திருந்தது. மிஞ்சியவர் இந்த ஆன். சயாமுக்கு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். 1788இல் சைகோன் அவர் கைக்கு வந்து நிலைத்தது. அதன் பிறகுதான் யுவெட் அந்தப்புரத்தை விட்டுப் படைக்கு வருகிறார். வந்தவர் பத்தே வருடத்தில் முன்னணித் தளபதி.

அவர் பெயரை நிறுத்திய சண்டை 1801 பிப்ரவரி கடைசியில், தி நாய் என்ற துறைமுகத்தில் நடந்தது. (ஊர்ப் பெயர் தமிழில் அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்ய.) பக்கத்தில் இருந்த பின் தின் கோட்டைக்குள் ஆனின் தளபதி வோ தான் மாதக்கணக்கில் முற்றுகையில் அடைபட்டிருந்தார். கடல்வழியை தே சொன் கப்பல்கள் அடைத்திருந்தன. ராத்திரியில் நுயென் படகுகள் உள்ளே நுழைந்தன. உடன் வந்த இன்னொரு தளபதி வோ யி நுய் பீரங்கி குண்டு பட்டு விழுந்தார். சாவு எண்ணிக்கையைப் பார்த்த ஆன், பின்வாங்கச் சொல்லி ஆள் அனுப்பினார். யுவெட் கேட்கவில்லை. விடிந்து மறுநாள் பகல் ஆகும் வரை நின்று எதிரியின் கப்பற்படையைக் கொளுத்திவிட்டுத்தான் ஓய்ந்தார். நுயென் வரலாற்று ஆசிரியர்கள் தங்கள் தரப்பின் போர்ச் சாதனைகளிலேயே இதற்குத்தான் முதல் இடம் தந்தார்கள். அரசன் பேச்சைக் கேட்காததுதான் முதல் சாதனை என்பதை அந்த அரசவை எப்படி விழுங்கியது என்று யோசித்திருக்கிறேன்.

அந்தக் காலத்துக் கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சண்டைக்கு முன்னால் சக தளபதி நுயென் வான் தான் ஒரு கிண்ணம் மது குடித்துவிட்டு, தைரியம் வரும் என்று யுவெட்டுக்கும் ஊற்றி நீட்டினார். பயப்படுகிறவனுக்குத்தான் இது வேண்டும், எனக்கு எதற்கு என்று யுவெட் சிரித்தாராம். எத்தனை பேர் முன்னால் சொன்னாரோ, அந்த மனிதர் அதை மறக்கவே இல்லை. பல வருடம் கழித்து அவருடைய மகன் எழுதிய கவிதையில் ராஜதுரோகம் இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை அரசன் காது வரை கொண்டுபோனவர் இதே யுவெட். 1817இல் தகப்பன் விஷம் குடித்துச் செத்தார். கோவிலில் இருக்கும் ஐயா சுத்த வெள்ளை என்று நினைத்துக்கொண்டு யாரும் உள்ளே போக வேண்டாம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கோட்டைக்குள் இருந்த வோ தான், என்னைக் காப்பாற்ற வராதீர்கள், தலைநகரம் காலியாகக் கிடக்கிறது, அதைப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். 1801 ஜூனில் ஃபூ சுவான், அதாவது இன்றைய ஹுவே, விழுந்தது. கோட்டைக்கு உதவி வந்து சேரும் முன்பே வோ தான் வெடிமருந்தை அடுக்கித் தன்னைத் தானே எரித்துக்கொண்டார். முற்றுகையிட்ட தே சொன் தளபதி த்ரான் குவாங் யியு உள்ளே வந்து, எதிரியின் உடலை மரியாதையோடு புதைத்தார். இந்த முப்பது வருடப் போரில் ஒரு பிணத்துக்குக் கிடைத்த நல்ல மரியாதை என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

ஏனென்றால் மற்ற பிணங்களின் கதை வேறு. தே சொன்காரர்கள் ஆனின் தகப்பன் கல்லறையைத் தோண்டி எலும்பை ஆற்றில் எறிந்தார்கள் என்று நுயென் தரப்பு எழுதி வைத்திருக்கிறது. 1802இல் ஆன் ஜெயித்து யா லாங் என்ற பட்டத்தோடு பேரரசர் ஆனார். அடுத்து அவர் செய்த வேலைகளில் ஒன்று, பத்து வருடம் முன்பே செத்துப்போயிருந்த தே சொன் பேரரசர் நுயென் ஹுவேயின் எலும்பைத் தோண்டி இடிக்கச் சொன்னது. மண்டை ஓட்டைச் சிறையில் பூட்டினார். வோ தானை மரியாதையாகப் புதைத்த அந்த யியுவுக்கும் மரண தண்டனை. அவர் மனைவி புய் தி சுவானும் ஒரு தளபதி. அவரை யானையை விட்டுக் கொன்றார்கள்.

யுவெட் வென்ற பக்கத்து ஆள். பரிசாகத் தெற்கு முழுவதையும் ஆளும் பதவி இரண்டு முறை வந்தது: 1812இல் ஒரு தடவை, 1820இலிருந்து சாகும் வரை இன்னொரு தடவை. கோழிச்சண்டைப் பிரியர். ஹாத் போய் என்ற பழைய கூத்து என்றால் உயிர். இன்றும் திருவிழாவுக்குச் சமாதி வளாகத்தில் அந்தக் கூத்து போடுகிறார்கள். 1822இல் பிரிட்டிஷ் தூதர் ஜான் க்ராஃபர்ட் வந்தபோது யானைக்கும் புலிக்கும் சண்டை விட்டுக் காட்டினார். வாயைத் தைத்து நகத்தைப் பிடுங்கிய புலி அது.

யா லாங்குக்குப் பிறகு வந்த அவர் மகன் மின் மாங்குக்கு இவரைக் கண்டாலே ஆகாது. கிறிஸ்தவப் பாதிரிகளைத் துரத்து என்று மேலிடம் சொன்னால் இவர் அவர்களுக்குத் தன் எல்லைக்குள் இடம் கொடுத்தார். மின் மாங்கின் அந்தப்புரத்துப் பெண் ஒருத்தியின் தகப்பன் சைகோனில் இவருக்குக் கீழே அதிகாரி. ஊழலில் மாட்டித் தலையை இழந்தார். யுவெட் தலையை வெட்டிவிட்டுத்தான் அரசனுக்கே எழுதினார் என்று ஊரில் கதையாகச் சொல்கிறார்கள். என் வீட்டுக்கார அம்மா இந்த இடத்தில் கையை ஓங்கி மேசையில் ஒரு போடு போடுவார்.

1832இல் யுவெட் செத்தார். மின் மாங் அந்தப் பதவியையே எடுத்துவிட்டு, கணக்கு நோண்ட ஆள் அனுப்பினார். மறு வருடமே வளர்ப்பு மகன் லே வான் கோய் கலகம் செய்து சைகோன் கோட்டையைப் பிடித்தார். கோய் முற்றுகைக்குள்ளேயே இறந்துபோனார். 1835 செப்டம்பரில் கோட்டை விழுந்தபோது உள்ளே இருந்த 1,831 பேரைக் கொன்று ஒரே குழியில் போட்டார்கள். அப்புறம் செத்த மனிதர் மேல் வழக்கு. தலைவெட்டத் தகுந்த குற்றங்கள் மட்டும் ஏழு என்று தீர்ப்பு. கல்லறை மேட்டைத் தட்டையாக்கினார்கள், சங்கிலி போட்டார்கள், நூறு கசையடி கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். எட்டே சீன எழுத்தில் ஒரு கல்வெட்டு நட்டார்கள்: 'அதிகாரம் பிடித்த அண்ணகன் லே வான் யுவெட் தண்டனை ஏற்ற இடம்.' ராத்திரியில் அங்கே அழுகைச் சத்தமும் குதிரைச் சத்தமும் கேட்டதாகச் சுற்றுவட்டார மக்கள் பேசிக்கொண்டார்கள். 1840களில் அடுத்தடுத்து வந்த இரண்டு அரசர்கள் கல்வெட்டை அகற்றிப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எதிரி ஜெயித்துக் கல்லறையைத் தோண்டினால் எனக்குப் புரிகிறது. தன் தகப்பனை அரியணை ஏற்றியவரின் மண்மேட்டையே மகன் அடிக்கச் சொன்னது, எத்தனை தடவை கேட்டாலும் வயிற்றைப் பிசைகிறது.

வீட்டுக்கார அம்மாவை நான் கோ என்றுதான் கூப்பிடுவேன், நம் அத்தை மாதிரி. எங்கள் வீடு இருந்த தெருவுக்கு அவர் சிறுமியாக இருந்தபோது லே வான் யுவெட் தெரு என்று பெயர். 1975க்குப் பிறகு அந்தப் பெயர் போய் தின் தியென் ஹோவாங் தெரு ஆயிற்று. அவரும் பத்தாம் நூற்றாண்டில் பன்னிரண்டு குறுநிலத் தலைவர்களை அடக்கிய ஒரு தளபதிதான், குறை சொல்ல முடியாது. 2020இல் பாலத்திலிருந்து சமாதி வரையுள்ள பகுதிக்குப் பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள். புதுப் பலகை மாட்டிய வாரம் சாப்பாடு கொண்டுவந்த பையன்கள் எல்லாம் போன் போட்டு வழி கேட்டார்கள். கோ ஒவ்வொருவருக்கும் தெருப் பெயரைக் கணீரென்று இரண்டு தடவை சொன்னார்.

அன்று ராத்திரி அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அடியில் ஒரு நூறு தோங் நோட்டு, 1966இல் தென் வியட்நாம் அரசு வெளியிட்டது. அதில் அரசவைத் தொப்பியோடு ஐயாவின் முகம். அந்த நோட்டு இப்போது எந்தக் கடையிலும் செல்லாது. அவருடைய அப்பா கொடுத்ததாம். அப்பாவை எங்கே புதைத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் நோட்டை மடிப்பு மாறாமல் உள்ளே வைத்து டின்னை அழுத்தி மூடிவிட்டு, நாளைக்குச் சந்தைக்குப் போனால் ஊதுபத்தி வாங்கி வா, பெரிய கட்டாக, என்றார்.