டைனோசரைக் கொன்றது நம்ம எரிமலையா?

போன முறை நம்ம ரீயூனியன் தீவின் எரிமலை பித்தோன் த லா ஃபூர்னேஸ் பொங்கியபோது பேரனைக் காரில் ஏற்றிக்கொண்டு சேந்தாந்த்ரேயிலிருந்து கிளம்பினேன். "தாத்தா, டைனோசரைக் கொன்றது இதுதானாமே?" என்றான். இது சின்னப் பிள்ளைடா, 5 லட்சம் வயசுதான் என்றேன். ஆனால் அதன் அடியில் இருக்கும் அதே சூடுதான் 6.6 கோடி வருடத்துக்கு முன், இந்தியா அதன் மேலே இருந்தபோது, நம்ம தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டியது என்று பலர் சொல்கிறார்கள், அதனால் கேள்வி ஒன்றும் தப்பில்லை.

1980ல் ஆல்வரெஸ் என்ற விஞ்ஞானிகள், அப்பாவும் மகனும், விண்கல் விழுந்துதான் டைனோசர் அழிந்தது என்றார்கள். அந்தக் காலத்துக் களிமண் படிவில் இரிடியம் என்ற உலோகம் ஏராளம், பூமியின் மேல்தோலில் அது அரிது, விண்கல்லில்தான் அதிகம். சரி, முடிந்தது என்று பார்த்தால், அப்புறம் எரிமலை ஆவியிலும் இரிடியம் கிடைத்தது, அதுவும் நம்ம ஃபூர்னேஸிலேயே! இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போகிற சாட்சியை வைத்துக்கொண்டு என்ன தீர்ப்பு சொல்வது? விண்கல் பக்கம் சாய வைத்தது, அதே காலத்துப் படிவில் கிடைத்த, பேரடி வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்த குவார்ட்ஸ் மணல். எரிமலையால் அப்படிச் செய்ய முடியாது. 1991ல் மெக்ஸிகோவில் அந்த விண்கல் விழுந்த சுமார் 180 கிலோமீட்டர் அகலப் பள்ளமே அடையாளம் தெரிந்தது.

எரிமலைக் கட்சி இன்னும் கலையவில்லை, தக்காணத்துக் குழம்பு எப்போது எவ்வளவு கொட்டியது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதையெல்லாம் விளக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால், பையன் வாயில் பாதி சமூசாவோடு தூங்கியிருந்தான்.